ஐந்தாவது கம்பியும் அக்கா வீட்டுத் தாம்பாளமும்

தொண்ணூறுகளின் கடைசியில், திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி போர்ஷனில் நான் தனியாகக் குடியிருந்தபோது நடந்தது இது. போர்ஷன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு அறை, அதன் மூலையில் ஒரு குழாய். குழாய் இருக்கும் இடம்தான் சமையலறை. கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டி அடுப்பை அணைக்கலாம். இன்று நான் இருக்கும் வீட்டில் அந்த வசதி இல்லை.

சொந்த ஊர் சித்தூர் பக்கம், கங்காதர நெல்லூர். லைட் மியூசிக் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். பேஸ் கிட்டார் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: கல்யாண ரிசப்ஷனில் மேடையில் ஆறேழு பேர் நிற்பார்கள். அதில் ஒருவன் எதற்காக நிற்கிறான் என்று யாருக்கும் புரியாது. அவன் கையில் இருப்பதுதான் பேஸ் கிட்டார். அவன் வாசிப்பது தனியாகக் காதில் விழாது. நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும்.

இந்தக் கடைசி வரியை நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் வெளிநாட்டுக் கீபோர்டுகள் வந்து இறங்கின. டிரம்ஸ், தபேலா, பேஸ் எல்லாம் ஒரு சின்ன ஃபிளாப்பிக்குள் இருக்கும். பட்டனைத் தட்டினால் போதும். எங்கள் டிரம்ஸ்காரர் குவைத்துக்குப் போய் டிரைவரானார். பாடகர் சென்னைக்குப் போனார். கிட்டார் வாசித்த நண்பன் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தான். கீபோர்டுக்காரர் மட்டும் பெட்டியோடு தனியாகக் கச்சேரிக்குப் போனார். நான் நின்றேன். நின்றதும் ஏதாவது குறைந்ததா என்று விசாரித்துப் பார்த்தேன். எதுவும் குறையவில்லையாம்.

நைனாவும் அம்மாவும் ஏற்கெனவே அண்ணனோடு பெங்களூருக்குப் போய்விட்டார்கள். அண்ணன் வீட்டுக்கு எதிர்வீட்டில்தான் போன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டால், அவர்கள் போய் அம்மாவை அழைத்து வருவதற்குள் மீட்டர் ஓடி என் மூச்சு நின்றுவிடும். அதனால் அடிக்கடி கூப்பிடமாட்டேன். திருப்பதியில் கல்யாண மண்டபங்கள் அதிகம், என்றைக்காவது யாராவது கூப்பிடுவார்கள் என்று அங்கேயே இருந்தேன். மாதத்தில் ஒன்றிரண்டு கச்சேரி வரும். மற்ற நாட்களில் காலையில் எழுந்து, பல் தேய்த்து, அறையிலேயே உட்கார்ந்து வாசிப்பேன்.

என்னிடம் இருந்தது ஐந்து கம்பி பேஸ். பெங்களூர் போன நண்பன் விட்டுப் போனது. "நீயே வெச்சிக்கடா, அங்க என் கையில மவுஸ்தான் இருக்கும்" என்றான். சாதாரண பேஸுக்கு நாலு கம்பி. இதில் எல்லாவற்றுக்கும் கீழே உறுமுகிற மாதிரி இன்னொரு தடித்த கம்பி. முதல் நாள் அதைத் தட்டியபோது கீழ் போர்ஷனில் இருந்த வீட்டுக்காரர் மேலே ஓடி வந்தார். போர் மோட்டாரை யாரோ போட்டுவிட்டு அணைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். தண்ணீர் இல்லாத வருஷம். மோட்டார் இல்லை, சங்கீதம் என்று தெலுங்கில் விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இறங்கிப் போகும்போது மோட்டார் சுவிட்சையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனார்.

பேஸைத் தனியாக வாசிப்பது ஒரு மாதிரியான வேலை. பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் மற்றவர்கள். நீங்கள் வாசிப்பது அந்தப் பாட்டின் தரை மட்டும். தரையை மட்டும் காட்டி இது யார் வீடு என்று கேட்டால் யார் சொல்வார்கள்? நான் வாசிப்பது என்ன பாட்டு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சில நாள் எனக்கே சந்தேகம் வரும்.

இரண்டாவதாகப் புகார் சொல்ல வந்தவர் பக்கத்து போர்ஷன் அக்கா. நாற்பதைத் தாண்டியவர். நகரியில் பவர்லூம் வைத்திருந்த குடும்பம். தறிகளை விற்றுவிட்டுத் திருப்பதிக்கு வந்தவர்கள். அக்காவின் கணவர் திருமலைக்கு ஜீப் ஓட்டுவார். விடிவதற்கு முன் போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. அக்கா கையாலும் மெஷினிலும் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொடுப்பார். அன்றைக்குக் கையில் நெளிந்துபோன ஒரு எவர்சில்வர் தட்டோடு வாசலில் நின்றார்.

"இன்னாபா வாசிக்கினு கீற நீ? அலமாரில கீற சாமான்லாம் நடுங்கிக்கினே வந்து கீய உழுவுது."

பேஸ் கிட்டார் அக்கா என்றேன்.

"பாட்டு எங்க?"

பாட்டை மற்றவர்கள் வாசிப்பார்கள், நான் அதற்கு அடியில் வாசிப்பேன் என்றேன்.

"மத்தவங்க எங்க?"

நான் கதவிலிருந்து ஒதுங்கினேன். அக்கா என் அறையை எட்டிப் பார்த்தார். ஒரு கட்டில், ஒரு செம்பு, சுவரோரம் அலமாரி மாதிரிப் பெரிய ஸ்பீக்கர் பெட்டி. பிறகு சத்தம் தனக்குப் பழக்கம்தான், தறி சத்தத்தில் பிறந்தவள், தட்டு விழுந்து நெளிவதுதான் கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெட்டி இருந்தது எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில். வேறு சுவரில் வைக்க இடமில்லை; அங்கே குழாய்.

அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அதற்குப் பிறகு படியில் பார்த்தால் சிரிப்போம். தட்டு விழுந்ததாகப் புகார் எதுவும் வரவில்லை.

இனி அந்த ஐந்தாவது கம்பியின் கதை. அதைச் சும்மா மீட்டினால் சுருதி கச்சிதமாக இருக்கும். நடுவில் ஓரிடத்தில் அழுத்தி மீட்டினால் சுருதி வேண்டியதைவிடக் கொஞ்சம் ஏறிவிடும். என் குணமும் அதேதான். தனியாக விட்டால் சரியாக இருப்பேன், யாராவது கை வைத்தால் கோணிக்கொள்வேன். கச்சேரியில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. தனியாக அறையில் இருக்கிறவனுக்குத் தெரியும். வேறு வேலை இல்லாதவனுக்கு அது நாள் முழுக்கத் தெரியும்.

குறை பிரிட்ஜில் இருந்தது. கிட்டாரின் அடிப்பக்கம் கம்பிகளைத் தாங்கிக்கொண்டு நிற்கும் இரும்புத் தகடுதான் பிரிட்ஜ். வீணைக்காரர்கள் அதைக் குதிரை என்பார்கள். எனக்கு முதலில் ஆர்மோனியமும் ஸ்வரமும் சொல்லித்தந்தவர் அப்படியே சொல்வார், என் வாயிலும் குதிரை என்றே நின்றுவிட்டது. அதன்மேல் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சின்ன இரும்புக் கட்டை, திருகாணியைத் திருகினால் முன்னும் பின்னும் நகரும். தடித்த கம்பிக்கு நீளம் இன்னும் கொஞ்சம் வேண்டும், அதனால் அதன் கட்டை பின்னால் போகவேண்டும். நான் திருகினேன். அது பின்னால் போய்த் தகட்டின் பின்விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்த ஸ்பிரிங்கைக் கழற்றினேன். அப்போதும் போதவில்லை. இன்னும் ஒரு நெல் அகலம் வேண்டும். அப்படியென்றால் ஒரே வழி, குதிரையையே மொத்தமாகக் கழற்றி ஒரு நெல் அகலம் பின்னால் தள்ளி, மரத்தில் புது ஓட்டை போட்டு மறுபடி பூட்டுவது.

அதற்கு நேரம் கிடைத்தது. மூடம் வந்தது. கல்யாண முகூர்த்தம் இல்லாத நாட்களை எங்கள் பக்கம் தெலுங்கில் மூடம் என்பார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். எனக்கு இரண்டும் பொருந்தியது. மூடத்தில் ஆர்கெஸ்ட்ராக்காரனை எவரும் தேடமாட்டார்கள். இருக்கிறானா, போனானா என்று முகூர்த்தம் வந்த பிறகுதான் கேட்பார்கள்.

கம்பிகளை அவிழ்த்தேன். திருகாணிகளைக் கழற்றி, குதிரையை எடுத்துத் தலையணைப் பக்கத்தில் வைத்தேன். பழைய ஓட்டைகளில் தீக்குச்சிகளை நுழைத்து, மரப்பசையை ஊற்றி, வெளியே நீட்டிய முனைகளைப் பிளேடால் சீவினேன். பசை நன்றாகக் காய்ந்தால்தான் பக்கத்தில் புது ஓட்டை போட முடியும். உடம்பு காலையிலிருந்தே வலித்துக்கொண்டிருந்தது. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்ததால் என்று நினைத்தேன். பசை காயும்வரை படுக்கலாம் என்று படுத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒழுங்காக எதுவும் நினைவில்லை. பசை காய்ந்தது, நான்தான் எழுந்திருக்கவில்லை. குளிர் தூக்கிப் போட்டது. செம்பில் தண்ணீர் தீர்ந்தது. குழாய் கட்டிலிலிருந்து கை எட்டும் தூரம் என்று பெருமையாகச் சொன்னேன் அல்லவா? அது எங்கேயோ காளஹஸ்தியில் இருக்கிற மாதிரித் தெரிந்தது. எழுந்து போகப் பார்த்துத் தரையில் விழுந்தேன். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியே ஆட்கள் படியேறுவது, பால்காரர் சைக்கிள், ஜீப் கிளம்புவது எல்லாம் கேட்டது. கூப்பிடப் பார்த்தேன், குரல் வரவில்லை. யார் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது என்றும் புரியவில்லை. அப்போது ஒன்று மட்டும் தெளிவாக யோசித்தது நினைவிருக்கிறது: அடுத்த முகூர்த்தம் எப்போது? அதுவரைக்கும் என்னை யாரும் தேடப் போவதில்லை. அந்தக் கணக்கு சரியாக இருந்ததுதான் பயமாக இருந்தது.

மிச்சத்தைப் பிறகு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மத்தியானம் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. ஜன்னல் இடுக்கில் பார்த்தால் தரையில் என் கால் தெரிந்திருக்கிறது. கீழே ஓடி வீட்டுக்காரரை அழைத்து வந்தார். அவர் கடப்பாரையால் தாழ்ப்பாளைப் பெயர்த்தார். இரண்டு பேருமாக என்னை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் நான் ஏதோ முனகிக்கொண்டே போனேனாம். என்ன சொல்கிறான் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அக்கா காதை வைத்துக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னாராம்:

"குர்ரான்னி வெனக்கி ஜரபாலண்டுன்னாடு சார்."

குதிரையைப் பின்னால் தள்ளவேண்டும் என்கிறான் என்று அர்த்தம். டாக்டர் யோசித்துவிட்டு, ஆள் ஜட்கா வண்டி ஓட்டுகிறவனா என்று கேட்டாராம். அக்கா, இல்லை சார், மோட்டார் மாதிரி ஒரு சாமான் வாசிப்பான் என்றாராம். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் முடிவு கட்டினார். டைபாய்டு; உடம்பில் நீர் மொத்தமாக வற்றியிருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் எனக்குக் குர்ரம் தம்பி என்று பெயர் வந்துவிட்டது.

கண் விழித்தபோது பக்கத்தில் அக்கா ஒரு புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குக்கூட வேலையை எடுத்து வந்துவிட்டார். நான் முதலில் கேட்டது, எப்படித் தெரிந்தது என்றுதான். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"எங்க நகரில பக்கத்து வூட்டு தறி நின்னுச்சினா, கையில கீறத போட்டுட்டு போயி பாப்போம் தம்பி. கரண்ட் போயி நின்னா ரெண்டு வூட்லயும் நிக்கும், அது பரவால்ல. நம்ம தறி ஓடிக்கினு இருக்கசொல்ல அவங்கள்து நின்னா, நூலு அறுந்துச்சா, ஆளுக்கு இன்னா ஆச்சின்னு பாக்கணும்ல?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "கரண்ட் இருந்துச்சி. ஒஞ்செருப்பும் வெளிய இருந்துச்சி. ரெண்டு மூணு நாளா நீ ஓடல" என்றார்.

நான் ஓடவில்லை. வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு கவனமாக விமர்சனம் எழுதியதில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். டிரிப் பாட்டில் மாற்ற வந்த நர்ஸ், வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன், அது சுலபமாக இருந்தது.

திரும்பி வந்த பிறகு நடக்கும் அளவுக்குத் தெம்பு வரும்வரை அக்கா வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. "இன்னும் கொஞ்சம் துன்னு, காத்துல பறந்துடப் போற" என்று பாத்திரத்தை வைத்துவிட்டுப் போவார். கை நடுக்கம் நின்றதும் முதல் வேலையாக பேஸை எடுத்தேன். தீக்குச்சிகள் அருமையாகக் காய்ந்து மரத்தோடு மரமாகியிருந்தன. கைத்துளைப்பானால் புது ஓட்டைகள் போட்டு, குதிரையை ஒரு நெல் அகலம் பின்னால் தள்ளிப் பூட்டினேன். கம்பி கட்டினேன். பெட்டியை ஆன் செய்ததும் உர்ரென்று ஒரு இரைச்சல். குதிரைக்கு அடியில் ஒரு மெல்லிய எர்த் ஒயர் இருக்கும். அதைப் பத்திரமாகத் தரையிலேயே விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பூட்டியிருக்கிறேன். மறுபடி கழற்றி, ஒயரை அடியில் வைத்து, மறுபடி பூட்டினேன்.

ஐந்தாவது கம்பியைச் சும்மா மீட்டினேன். நடுவில் அழுத்தி மீட்டினேன். ஒரே சுருதி. இத்தனை நாள் என்னைத் தின்றுகொண்டிருந்த அந்த ஒரு நெல் வித்தியாசம் போய்விட்டது. சொல்வதற்கு ஆள் இல்லை. பெங்களூர் நண்பனுக்குச் சொல்லலாம், அவன் மறந்திருப்பான்.

மறுநாள் காலை வழக்கம்போல வாசிக்க உட்கார்ந்தபோது, ஒரு யோசனை வந்தது. உயிரைக் காப்பாற்றிய மனுஷி வீட்டில் இனிமேல் தட்டு முட்டு நடுங்கக்கூடாது. என் ஒரே ரஜாய்ப் போர்வையை நாலாக மடித்து ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில் வைத்தேன். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் தலையணையைச் சொருகினேன். என் நன்றியை நானே மெச்சிக்கொண்டு, கண்ணை மூடி வாசிக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. திறந்தால் அக்கா. ஊசியும் நூலும் கையிலேயே இருந்தன. மூச்சு வாங்கியது.

"இன்னா தம்பி ஆச்சி? தட்டு ஆடலியே?"

ரஜாயைக் காட்டி, தலையணையைக் காட்டி, நான் செய்த ஏற்பாட்டை விளக்கினேன். அக்கா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு வா என்று தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். அத்தனை நாளில் நான் அந்தச் சமையலறைக்குள் போனதில்லை. பொதுச்சுவரில் இருந்த அலமாரி மொத்தமும் காலி. பாத்திரங்கள் எல்லாம் எதிர்ச்சுவர் ஓரம் தரையில் அடுக்கி இருந்தன. அந்தத் தட்டு நெளிந்த அன்றே அவற்றை இங்கே மாற்றிவிட்டாராம். காலி அலமாரியின் மேல்தட்டில் ஒரே ஒரு பித்தளைத் தாம்பாளம் மட்டும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. விழாமல் இருக்க முன்னால் ஒரு நூல் கண்டு முட்டுக் கொடுத்திருந்தது.

இதை மட்டும் ஏன் இறக்கவில்லை அக்கா என்று கேட்டேன்.

"எறக்க மறந்துட்டன்னு நென்ச்சியா? அத வெச்சதே நாந்தான்" என்றார். "அவரு பாட்டுக்கு மலைக்கு போயிடறாரு. புள்ள சென்னைல கீறான். பகல்ல இந்த வூட்ல என் மிஷின வுட்டா வேற சத்தம் ஏது? இது கிணுகிணுன்னா, சரி, பக்கத்துல ஒரு ஆளு கீதுன்னு நான் பாட்டுக்கு தெச்சிக்கினு இருப்பேன்."

நான் யாருக்கும் கேட்காத பாட்டை வாசிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்னுடைய ஆர்கெஸ்ட்ராவில் இன்னொரு ஆள் தினமும் வாசித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

அறைக்குத் திரும்பி ரஜாயை உருவினேன். தலையணையை எடுத்தேன். ஐந்தாவது கம்பியை ஒருமுறை நன்றாக இழுத்து மீட்டிவிட்டு, முதல் தடவையாகக் காதைச் சுவரில் வைத்துக் கேட்டேன். தம் என்று என் சத்தம் அடங்கும்போது, அந்தப் பக்கத்திலிருந்து கிணுகிணுவென்று மெல்லிய பித்தளைச் சத்தம் வந்தது. அதற்கப்புறம் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது.

அதற்குச் சில காலம் கழித்து அக்காவும் அவர் கணவரும் சென்னையில் மகனோடு இருக்கப் போய்விட்டார்கள். பாத்திரங்களை மூட்டை கட்டி லாரியில் ஏற்றியபோது நானும் ஒரு கை கொடுத்தேன். அந்தத் தாம்பாளத்தைக் கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. அவர்கள் போன பிறகு அந்தச் சுவரோரம் வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் நானும் எல்லோரும் போன பஸ்ஸில் ஏறிப் பலமனேர் வழியாகப் பெங்களூருக்கே வந்து சேர்ந்தேன்.

இன்று நான் இருப்பது ஒரு அபார்ட்மெண்டில். பக்கத்து வீட்டில் யார் என்று யாருக்கும் தெரியாத கட்டடம். என் மேல் வீட்டில் தினமும் காலையில் மிக்ஸி ஓடும், வீடே அதிரும்படி. போன மாதம் ஒரு காலை அது ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன், கரண்ட் இருந்தது. மாடியேறிப் போனேன். வாசலில் செருப்பு இருந்தது. பெல் அடித்தேன். தூக்கக் கலக்கத்தோடு ஒரு பையன் கதவைத் திறந்தான். உங்கள் வீட்டு மிக்ஸி ஓடவில்லையே என்று கேட்டேன். ரிப்பேர் அங்கிள் என்று சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். சத்தம் போட்டால் சண்டைக்கு வருகிறவர்களைத்தான் அவன் பார்த்திருப்பான். சத்தம் நின்றதற்காக மாடியேறி வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே யாரிடமோ ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. படியிறங்கும்போது எனக்கு அது ஒன்றும் கஷ்டமாகவே இல்லை. நின்றது மிக்ஸிதான், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொண்ட நிம்மதி போதும். என் பங்குக்கு நானும் ஒரு தாம்பாளத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.